மண்ணெண்ணெய்க் கார்களும் எஞ்சின் ஒயிலின் சூடும்

காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி இடுவது தாயின் இயல்பு. சூடு சற்றுத் தணியும், பிள்ளையும் கண்ணயரும். ஆயினும் காய்ச்சலைத் தந்த நோய் அந்தத் துணியினால் தீர்ந்துவிடுவதில்லை. அதனை அறிந்த தாய் துணியை இட்டபின் வைத்தியரிடம் செல்கிறாள். அறியாதவள் துணியை நனைத்துக்கொண்டே இருக்கிறாள்.

இன்று வன்னிப் பெருநிலத்தின் கராஜ்களில் இந்த ஈரத்துணிக்கு ஒரு புதிய பெயர் வழங்குகிறது. அதுவே ‘ஒயில் கூலர்’. எஞ்சினைச் சுற்றியோடும் எண்ணெயை வெளியே எடுத்து, காற்றுப் படும் ஒரு சிறிய தட்டுக்கூட்டினூடாகச் செலுத்தி, ஆறவைத்து மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பும் கருவி அது. பார்வைக்கு றேடியேற்றரின் குட்டி போல இருக்கும். வாகனத்தைச் செய்தவர்கள் அதனை வைத்திராவிட்டால், நாமே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பழைய வாகனங்களை வைத்திருப்போர் பலர் இப்போது அதனை நாடுகின்றனர்.

நாடுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கியது. நீங்கிய பின்னரும் புதிய வாகனத்தின் விலை சாதாரண மனிதன் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது. ஆகவே இருபது, முப்பது, அறுபது ஆண்டு பழைய எஞ்சின்களும் இன்று ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதாகிவிட்டால் இன்னொன்று வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எஞ்சினைக் காக்க வேண்டும் என்ற கவலை நியாயமானது. எப்படிக் காப்பது என்பதிலேதான் சிந்தனை வேண்டும்.

கிளிநொச்சியில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மாலை வேளைகளில் கண்டி வீதியோரத்துக் கராஜ் ஒன்றிற் போய் அமர்வது எனக்குப் பழக்கம். அங்கே எழுபது வயதைக் கடந்த ஒரு மூத்த மெக்கானிக்கும், அவரிடம் தொழில் பழகிய ஓர் இளைஞரும் வேலை செய்கின்றனர். வகுப்பறையிற் கரும்பலகையில் நான் எழுதிய விதிகள் பலவற்றை, கை நிறைய கிறீஸுடன் இருவரும் தினமும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கு கண்டதையும் கேட்டதையும் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எண்ணெய் செய்யும் தொழில்

எஞ்சினுள் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கோ அதனிலும் குறைவோதான் வண்டியை நகர்த்தும் வேலையாகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் றேடியேற்றர் நீர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. ஆயின் நீர் எட்டாத இடங்களும் எஞ்சினுள் உண்டு. பிஸ்டனின் அடிப்புறம், கிராங்குத் தண்டு சுழலும் பெயாரிங்குகள் முதலானவை அவை. அவ்விடங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு வருவது எண்ணெயே. வழுக்கச் செய்வது மட்டும் அதன் தொழில் அன்று. சூட்டைச் சுமப்பதும், அழுக்கைச் சுமப்பதும் அதன் தொழில்களாம்.

வழுக்கச் செய்யும் தொழில் எவ்வளவு வியப்பானது என்பதை ஒரு பழைய பரிசோதனை காட்டும். 1883ஆம் ஆண்டில் போஷம்ப் டவர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் ரெயில் அச்சுகளுக்குரிய பெயாரிங் ஒன்றை ஆராய்ந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பெயாரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழன்றதும் துளை வழியே எண்ணெய் மேல்நோக்கிப் பொங்கி வந்தது. தக்கையினால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையினால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. பின்னர் அமுக்கமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, பெயாரிங்கின் மீதிருந்த சுமையின் சராசரி அமுக்கத்தைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் எண்ணெயில் இருந்தது தெரியவந்தது. அச்சு உலோகத்தின் மேல் உட்காரவில்லை. தானே உண்டாக்கிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது! மூன்றாண்டுகளின் பின், 1886இல், ஒஸ்போர்ண் ரெனோல்ட்ஸ் இதற்குரிய கணிதத்தை வகுத்தார். இன்றைய எஞ்சின்களின் பெயாரிங்குகளும் அந்தக் கணிதத்தின்படியே வாழ்கின்றன.

மிதக்கச் செய்யும் அந்தப் படலம் தலைமயிரின் தடிப்பிலும் மிக மெல்லியது. அது நிலைத்திருக்க எண்ணெய்க்குத் தக்க பிசுக்குத்தன்மை வேண்டும். சூடேற எண்ணெய் இளகும். கடைகளில் 20 டபிள்யூ 50 என்று விற்கப்படும் சாதாரண எண்ணெய், நூறு பாகை செல்சியஸில் இருப்பதைவிட நாற்பது பாகையில் ஏறத்தாழ எட்டு மடங்கு பிசுக்குடையது. எனவே அளவுக்கு மீறிய சூடு ஆபத்து. நூற்று முப்பது பாகையைத் தாண்டினால் எண்ணெய் இளகுவதோடு, காற்றிலுள்ள ஒட்சிசனுடன் விரைந்து சேர்ந்து கெட்டும் போகிறது.

அளவுக்கு மீறிய குளிரும் ஆபத்தே. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் ஒரு சிறுபகுதியும் எரியாத பெற்றோலின் ஒரு சிறுபகுதியும் பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயிற் கலக்கின்றன. எண்ணெய் நன்றாகச் சூடேறினாற்றான் அவை ஆவியாகி வெளியேறும். சூடேறாவிட்டால் உள்ளேயே தங்கி, கஞ்சி போன்ற சேறாகும். ஆகவே, பெரும்பாலான எஞ்சின்களுக்கு எண்ணெய் தொண்ணூறு பாகைக்கும் நூற்றுப்பத்துப் பாகைக்கும் இடையில் இருப்பதே நலம். எஞ்சினுக்கு வேண்டியது அளவான சூடு, குளிர்ச்சி அன்று.

மண்ணெண்ணெய்க் காலம்

அளவான சூட்டின் அருமையை வன்னியின் மெக்கானிக்குகள் புத்தகத்திற் படித்து அறியவில்லை. வறுமை அவர்களுக்கு அதனைக் கற்பித்தது.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்ட பின்னர், வடக்கில் அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியேயிருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, பசளை எனத் தடைப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. 2002இற் போர்நிறுத்த உடன்பாடு வரும்வரை, பன்னிரண்டு ஆண்டுகளாக, அந்த வாழ்வு நீடித்தது. பெற்றோல் துளித்துளியாக விற்கப்பட்டது, மருந்துபோல் அளக்கப்பட்டது. விளக்குக்கென வந்த மண்ணெண்ணெயே வண்டிக்கும் உணவாயிற்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய ஆங்கிலக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காட்சியை அக்காலத்து வாழ்ந்தோர் எவரும் மறந்திருக்கமாட்டார். புகையும் மணமும் முன்னே வரும். கார் பின்னே வரும்.

ஏன் அந்தப் பழைய கார்கள்? பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ நூற்றைம்பது பாகையிலேதான் கொதிக்கத் தொடங்கும். சூடில்லாமல் அது நன்றாக எரியாது. அந்த ஆங்கில எஞ்சின்களிற் காற்று உட்புகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. புகைவழியின் சூடு உட்புகும் வழிக்கும் ஏறியது. மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு அது துணைசெய்தது. மேலும் அவை இக்காலத்து எஞ்சின்களைப்போல் கலவையைக் கடுமையாக நெருக்குவனவல்ல. நெருக்கம் கூடினால் மண்ணெண்ணெய் காலந்தவறி வெடித்து, எஞ்சினைச் சம்மட்டி கொண்டு அடிப்பதுபோல் தட்டும்.

தொடக்குவதற்கு மட்டும் பெற்றோல் வேண்டும். சிறு போத்தல் ஒன்றில் அதனை நிரப்பி, ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் ஒன்றினாற் காபுறேற்றருக்கு இணைத்துவிடுவர். எஞ்சின் பெற்றோலிற் பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுவர். றேடியேற்றரின் முன்னே சாக்குத் துண்டோ மட்டை அட்டையோ கட்டிக் காற்றை மறைப்பர். வாசகர் இதனைக் கவனிக்க வேண்டும்: வெயில் கொளுத்தும் வன்னியில், எஞ்சின் சூடு போதாதென்று அதற்குப் போர்வை போர்த்தினார்கள்!

இது வன்னியிலே மட்டும் பிறந்த தந்திரம் அன்று. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் உழவு இயந்திரங்கள் பல, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவான எரிபொருளொன்றினால் ஓடின. கொவென்றி நகரில் உற்பத்தியான சிறிய சாம்பல்நிற பேர்கஸன் உழவு இயந்திரத்தில் அதற்கெனவே ஒரு வகை இருந்தது. அவையும் பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின்னரே மற்றதற்கு மாறும். அவற்றின் றேடியேற்றருக்கும் திரை இருந்தது. அங்கு தொழிற்சாலை செய்து கொடுத்ததை, இங்கு சாக்குத் துண்டும் சேலைன் குழாயும் செய்தன.

ஆயினும் மண்ணெண்ணெய் தன் கூலியை எஞ்சினிடம் வாங்காமல் விடவில்லை. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயிற் கலந்தது. பெற்றோல் கலந்தால் சூட்டில் ஆவியாகிப் பெரும்பாலும் போய்விடும். மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதிற் போகாது, தங்கிவிடும். எண்ணெய் நீர்போல் இளகும். டவர் கண்ட படலம் கிழியும். உலோகத்தோடு உலோகம் உரசும்.

இதிலே ஒரு வஞ்சகம் உண்டு. தேய்ந்த எஞ்சின் எண்ணெயைக் கொஞ்சங் கொஞ்சமாக எரித்துக் குடிக்கும். குடித்த அளவுக்கு மேலிருந்து மண்ணெண்ணெய் வந்து சேரும். மட்டம் பார்க்கும் கோலை எடுத்துப் பார்த்தால் மட்டம் குறைந்திராது. ‘ஒயில் குறையவில்லை’ என்று உரிமையாளர் மகிழ்வார். உண்மையிலோ எண்ணெய் போய்க்கொண்டிருக்கிறது. அதன் இடத்தில் மண்ணெண்ணெய் குடியேறிக்கொண்டிருக்கிறது.

இந்த வஞ்சகத்தைக் கண்டுபிடிக்க மூத்த மெக்கானிக் கையாண்ட வழி, எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்து காட்டத்தக்கது. கோலின் நுனியிலிருந்து ஒரு துளி எண்ணெயை ஒற்றுத்தாளின் மேல் விழவிட வேண்டும். சிறிது நேரத்தின் பின் நடுவே கரிய வட்டம் நிற்கும். அதனைச் சூழ, வெளிறிய வளையமொன்று அகலப் பரவியிருந்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. பின்னர் மூக்கும் சாட்சி சொல்லும். ஒற்றுத்தாள் கிடைக்காத அந்த நாள்களிற் பழைய அப்பியாசக் கொப்பியின் தாளே போதுமாயிற்று என்கிறார் அவர். புதிய எண்ணெயும் அரிதாக இருந்ததால், பழையதைத் தெளியவைத்துத் துணியில் வடித்து மீண்டும் ஊற்றியோரும் உண்டு.

ஒரு மொறிஸ் மைனர்

அந்தக் காலத்தின் எச்சம் ஒன்று சென்ற ஆண்டு கராஜுக்கு வந்தது. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் அது. தந்தையார் விட்டுச் சென்ற கார். மண்ணெண்ணெயில் பல ஆண்டுகள் ஓடியது. 2002இற் பாதை திறந்ததும் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே உறவினர் வீட்டில் நின்றதனால், 2009இன் அழிவுக்குத் தப்பியது. இப்போது உரிமையாளர் அதனைக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறார். அவ்வருவாயில் மகளின் படிப்புச் செலவு நடக்கிறது.

வந்த குறை இதுதான்: சிறிது தூரம் ஓடியபின், எஞ்சின் மெல்ல ஓடும் வேளைகளில், எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்குகிறது. வேகம் கூட்டினால் அணைகிறது. காலையில் மினுங்குவதில்லை.

“சூட்டிலைதான் மினுங்குது, அண்ணை. ஒயில் கூலர் ஒண்டு போட்டால் சரி வரும்,” என்றார் இளைஞர்.

“சூடு எண்டு ஆர் சொன்னது? மானி சொன்னதோ, நீ சொல்லுறியோ?” என்று கேட்டார் மூத்தவர்.

பின்பு காரைப் பரந்தன் வரை ஓட்டிச்சென்று திரும்பி வரச் சொன்னார். வந்ததும், மட்டம் பார்க்கும் கோலை உருவிவிட்டு, அந்தத் துளை வழியே வெப்பமானியின் கம்பியை எண்ணெய்க்குள் இறக்கினார். வெப்பநிலை நூறு பாகையை எட்டவில்லை. அந்த எஞ்சினுக்கு அது முற்றிலும் நலமான சூடு. ஒற்றுத்தாளிலே வளையம் அகலவில்லை. ஆகவே எரிபொருளும் கலக்கவில்லை. விளக்கைத் தவறாக எரியவைக்கும் ஆளி ஒன்றாக இருக்கலாமென்று, அதனைக் கழற்றி உண்மையான அமுக்கமானியைப் பொருத்தினார். விளக்குப் பொய் சொல்லவில்லை. அமுக்கம் குறைவாகவே இருந்தது. அமுக்கத்தை மட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றிப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது. எஞ்சியது ஒன்றே: கிராங்குத் தண்டும் பெயாரிங்குகளும் தேய்ந்து, இடைவெளி கூடி, எண்ணெய் தங்காமல் வழிந்தோடுகிறது. எஞ்சினின் அடியைக் கழற்றியபோது மண்ணெண்ணெய்க் காலத்தின் கையெழுத்து அந்த உலோகத்தின் மேல் தெளிவாக இருந்தது.

ஒயில் கூலர் ஒன்றைப் பொருத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? எண்ணெய் சற்றுக் குளிர்ந்து, சற்றுத் தடித்திருக்கும். தடித்த எண்ணெய் இடைவெளியால் மெதுவாக வழிந்திருக்கும். அமுக்கம் சிறிது உயர்ந்து விளக்கு அணைந்திருக்கும். உரிமையாளர் மகிழ்ந்திருப்பார். தேய்வு உள்ளே தொடர்ந்திருக்கும். பின்னொரு நாள், மாப்பிள்ளை ஊர்வலத்தின் நடுவில், தண்டுகளில் ஒன்று எஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். ஈரத்துணியின் கதை அதுவே.

கிராங்குத் தண்டு கடைசலுக்கு அனுப்பப்பட்டு, தேய்ந்த மேற்பரப்பு நேராக்கப்பட்டது. அதற்கேற்ப ஓரளவு தடித்த பெயாரிங் ஓடுகள் இடப்பட்டன. செலவு கூலரின் விலையிலும் கூடியது. ஆயினும் விளக்கு இப்போது மெய்யாகவே அணைந்திருக்கிறது. நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டுமென்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்திற் கூறும் குறளின் எண், தற்செயலாக, இந்த எஞ்சினின் கொள்ளளவாகிய 948 என்பதைத் தமிழாசிரியர்கள் புன்முறுவலோடு ஏற்பர் என நம்புகிறேன்.

கூலர் வேண்டிய இடம்

இவ்வளவும் கூறியதனால், ஒயில் கூலர் வீண்பொருள் என்று எவரும் கொள்ளலாகாது. வேண்டிய இடத்தில் அது உயிர்காக்கும் பொருள். மொறிஸ் மைனரின் எஞ்சினுக்கு உடன்பிறந்த எஞ்சினே 1959இல் வந்த மினிக் காரிலும் இருந்தது. இரண்டு கார்களையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்ற ஒரே மனிதர். மினியின் பந்தய வகையாகிய கூப்பர் எஸ், 1960களில் ஒயில் கூலரோடு வந்தது. காரணம் வெளிப்படை: மினியில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே எண்ணெய், பந்தயத்திலோ எஞ்சின் தன் முழு வலிமையோடு நெடுநேரம் சுழலும். அதே குடும்பத்து எஞ்சின் மைனரில் அமைதியாக ஓடியபோது கூலர் தேவைப்படவில்லை. வேலையே தேவையைத் தீர்மானிக்கிறது.

இடம் தவறினால் கூலரும் தீங்கு செய்யும் என்பதற்கு வொக்ஸ்வாகன் வண்டுக் கார் சான்று. நீரின்றிக் காற்றினாலேயே குளிரும் எஞ்சின் அது; ஆகவே ஒயில் கூலர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. ஆயின் பல ஆண்டுகளாக அந்தக் கூலர் விசிறிக் கூட்டின் உள்ளே, மூன்றாவது சிலிண்டருக்குச் செல்லும் காற்றின் வழியில் நின்றது. எண்ணெய் குளிர்ந்தது, மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடேறிக் கெட்டது. 1971ஆம் ஆண்டு மாதிரியிலேதான் கூலரைக் காற்றின் வழியிலிருந்து விலக்கித் தனிக் கூடொன்றில் வைத்தார்கள். ஒன்றை ஆற்றப்போய் மற்றொன்றை வேகவைப்பது பெரிய தொழிற்சாலைகளுக்கும் நேர்வதே.

எங்கள் கராஜிலும் ஒரு வாகனத்துக்குக் கூலர் வேண்டியிருந்தது. வயலிலிருந்து நெல் மூடை ஏற்றும் பிக்கப் ஒன்று. காலபோக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலும் உழைத்தே அதன் லீசிங் பணம் கட்டப்படுகிறது. பாரத்தோடு, வாய்க்காற் கரையில், தாழ்ந்த கியரில், நடைவேகத்தில் மணிக்கணக்காக ஓடுவது அதன் வேலை. வண்டி ஊர்ந்தால் முகத்திற் காற்றில்லை. எஞ்சினோ ஓயாது உழைக்கிறது. ஆவணியில், சோளகம் வீசும் நாள்களில், எண்ணெயின் சூடு நூற்று முப்பது பாகையைக் கடந்ததை மானியே காட்டியது.

அப்போதும் மூத்தவர் உடனே கூலரை எடுக்கவில்லை. றேடியேற்றரைப் பார்த்தார். வன்னியின் பல கிணறுகளில் ஊறுவது வன்னீர். தேநீர்க் கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவே றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிகிறது. வெளியே, தட்டுகளின் இடையில், வைக்கோல் தூசு பஞ்சுபோல் அடைந்திருந்தது. உட்படிவை நீக்கி, தூசை உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்துப் போக்கியபின் மீண்டும் அளந்தார். சூடு குறைந்தது, போதிய அளவு குறையவில்லை. அதன் பின்னரே “இதுக்குக் கூலர் போடத்தான் வேணும்” என்றார்.

பொருத்தும் முறை

பொருத்தும் வேலை கடினமானதன்று. கவனம் வேண்டும் வேலை. எஞ்சினுக்கும் எண்ணெய் பில்டருக்கும் இடையில் ஒரு தடித்த வளையத்தட்டைச் செருகுவர். அதில் இரண்டு வாய்கள் உண்டு: ஒன்றால் எண்ணெய் வெளியே போகும், மற்றதால் உள்ளே வரும். தட்டின் மரை, பில்டரின் மரைக்குச் சரியாகப் பொருந்துவதாக இருக்க வேண்டும். ‘கிட்டத்தட்டப் பொருந்தும்’ என்பது அங்கே செல்லாது. அங்கு கசிந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் வெறுமையாகிவிடும்.

தட்டினுள் வெப்பத்துக்கேற்பத் திறக்கும் வால்வு இருத்தல் நன்று. எண்ணெய் எண்பது, எண்பத்தைந்து பாகையைத் தொடும்வரை அது கூலருக்குப் போகும் வழியைப் பெரும்பாலும் மூடியே வைக்கும்; சூடேறிய பின்னர் திறக்கும். இல்லையேல் மார்கழி மாதத்து விடியற்காலையில், மழைக்காற்றில், எண்ணெய் சூடேறாமலே சுற்றிக்கொண்டிருக்கும். முன்பு சொன்ன சேறு அப்படித்தான் பிறக்கிறது.

கூலரை றேடியேற்றரின் முன்னே, காற்றுப் படும் இடத்தில் வைக்க வேண்டும். ஆனால் றேடியேற்றரை முழுவதும் மறைக்கக் கூடாது. பம்பருக்குக் கீழே தொங்கவிட்டால் கிரவல் வீதியின் கல் அதனைப் பிளந்துவிடும். இறப்பர்த் துண்டுகளின் மேல் அமர்த்தினால் அதிர்வு அதனை உடைக்காது. வாய்கள் மேல்நோக்கி இருந்தால் உள்ளே காற்று அடைபடாது. குழாய்கள் சூடான எண்ணெய்க்கெனச் செய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும். நீர்க்குழாயையோ பெற்றோல் குழாயையோ அவ்விடத்தில் இடுவது பேராபத்து. குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கும் கணத்தில் அமுக்கம் மிக உயரும். அப்போது பலவீனமான குழாய் வெடிக்கும். புகைக்குழாயின் அருகே அவற்றைக் கொண்டுசெல்லலாகாது. சூடான இரும்பின் மேல் எண்ணெய் சிந்தினால் தீப்பிடிக்கும்.

மூத்தவர் மிகவும் வற்புறுத்தும் விதி ஒன்று உண்டு. பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கூலரை, அது எந்த எஞ்சினிலிருந்து வந்ததென்று தெரியாமல் வாங்கலாகாது. பெயாரிங் உடைந்த எஞ்சினின் கூலருக்குள் உலோகத் துகள்கள் ஒளிந்திருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அவை முற்றாகப் போகா. இறந்த எஞ்சினின் நோயைப் புதிய எஞ்சினுக்கு எடுத்துச் செல்லும் வாகனமாகக் கூலரே ஆகிவிடும்.

எல்லாம் இறுக்கியபின், கூலரை முதலில் எண்ணெயால் நிரப்ப வேண்டும். தீப்பொறி விழாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அல்லது டீசல் எஞ்சினாயின் எரிபொருளை நிறுத்திவிட்டு, ஸ்ராட்டரால் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். சிவப்பு விளக்கு அணைந்த பின்னரே எஞ்சினை ஓடவிட வேண்டும். கசிவு உண்டோ என்று விரலாலும் வெளிச்சத்தாலும் ஒவ்வொரு பொருத்தையும் பார்க்க வேண்டும். குழாயும் கூலரும் எண்ணெயை எடுத்துக்கொள்வதால், மட்டத்தை மீண்டும் பார்த்து நிரப்ப வேண்டும். கடைசியாக, பொருத்துவதற்கு முன் ஓடிய அதே வழியில், அதே பாரத்தோடு ஓடி, மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாவது அளவு இல்லாத வேலை, விடைத்தாளைத் திருத்தாமல் புள்ளியிட்டதற்கு ஒப்பாகும். பிக்கப்பின் இரண்டாவது அளவு நூற்றுப்பத்துப் பாகையின் அண்டையில் நின்றது. அன்று மாலை அதன் உரிமையாளர் கராஜிலிருந்த அனைவருக்கும் தேநீர் வாங்கினார்.

எழுதி வைக்கவேண்டிய அறிவு

இளைஞரைக் குறைசொல்ல இதனை எழுதவில்லை. குழாய்களைப் பொருத்துவதில் அவர் கை மூத்தவரின் கையிலும் நுட்பமானது. உலகின் எந்த மூலையிலும் உள்ள கருவியைத் தேடிப்பிடிக்கவும் அவருக்குத் தெரியும். ஆயின், பொருத்துவதற்கு முன் கேட்கும் கேள்விகளை அவர் பெறவேண்டிய இடம் அந்த மூத்தவரின் நினைவு ஒன்றே. அது எங்கும் எழுதப்பட்டில்லை. 1990களில் மண்ணெண்ணெயோடு போராடிய கைகள் பல இன்று இல்லை. அவர்களின் கருவிகளும் குறிப்புக் கொப்பிகளும் பலமுறை இடம்பெயர்ந்து, இறுதியில் 2009இல் முள்ளிவாய்க்காலை அண்டிய மண்ணிற் கைவிடப்பட்ட வாகனங்களோடு துருப்பிடித்துப் போயின. எஞ்சியோர் எழுபதையும் எண்பதையும் நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, அந்தப் பழைய அறிவைத் தேடி வந்தவர்களை நான் கராஜிற் கண்டேன். பஞ்சம் திரும்பி வராது என்று எவராலும் உறுதிகூற முடியாது. அன்றியும், இது பஞ்சகாலத்துக்கு மட்டும் உரிய அறிவன்று. துளியைத் தாளில் விட்டு நோயறிதல், மானியை நம்பி ஊகத்தை ஒதுக்குதல், ஒன்றை மாற்றிய பின் மீண்டும் அளத்தல் ஆகிய மூன்றும் விஞ்ஞானத்தின் அடிப்படைப் பாடங்கள்.

பாடசாலைகளில் 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு நடைபெறுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியிலேயே, அறிவியல் நகரில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் கண்டி வீதியோரத்துக் கராஜ்களுக்கும் இடையே உள்ள தூரம் பஸ்ஸில் சிறிது நேரமே. ஆசிரியர்கள் தம் மாணவர் இருவர் மூவரைக் கொப்பியோடு அனுப்பினாற் போதும். போரின் துயரைப் பாடிய கவிதைகளையும் கதைகளையும் போற்றும் இலக்கிய வட்டங்கள், அக்காலத்துத் தொழிலறிவையும் நம் இலக்கியமாகவே கருதித் தொகுக்க முன்வரலாம்.

கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. எந்தக் கார் மண்ணெண்ணெயை ஏற்றது, எது ஏற்கவில்லை? எத்தனை மைலுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றினீர்கள்? தீப்பொறியை எவ்வளவு பின்தள்ளினீர்கள்? சாக்குத் துண்டால் றேடியேற்றரில் எத்தனை பங்கை மறைத்தீர்கள்? எந்தச் சத்தம் கேட்டதும் எஞ்சினை நிறுத்தினீர்கள்? விடைகளை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுத வேண்டும். கராஜ்களிற் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும். நெற்காலத்தில் அவர்களுக்கு ஓய்வில்லை. அறுவடை முடிந்த பின் செல்வது நன்று.